மழைக்கால காய்ச்சல் முகாம் போய்ட்டு வந்தேன், 5க்கு 3 ஸ்டார்

எங்க தெருமுனைல கார்ப்பரேஷன் ஆளுங்க டேபிள் போட்டு ஃபீவர் கேம்ப் வச்சிருந்தாங்க, பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்னு கூட்டிட்டு போனேன். காசு ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா பொறுமையா பாத்தாங்க, டெங்குவா இருந்தா முதல் 5 நாளைக்குள்ள என்எஸ்1 டெஸ்ட்ல தெரிஞ்சிடும்னு உடனே ரத்தம் எடுத்தாங்க. நெகட்டிவ், அப்பாடா. நிலவேம்பு குடிநீர் ஒரு டம்ளர் குடுத்தாங்க, கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, பையன் இன்னும் என்கூட டூ.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது வீட்டுக்கு வந்த கொசு ஒழிப்பு அக்காதான். தொட்டி, ட்ரம் எல்லாம் பாத்துட்டு நேரா ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி போய் அந்த ட்ரேவ இழுத்து டார்ச் அடிச்சாங்க பாருங்க, உள்ள புழு நெளியுது! முட்டைலருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதுமாம், அதுவும் பகல்ல கடிக்கிற கொசு. மானமே போச்சு.

ரெண்டு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, கேம்ப் டைம் காலைல 9லருந்து சாயங்காலம் 4 வரைக்கும். கால்வா ஓரத்துல இருக்கிறவங்க கொத்தனார் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போயிடுறாங்க, ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்கு கூலி போச்சு. லாரித் தண்ணிய ட்ரம்ல புடிச்சு வக்கிறதும் அவங்கதான், கொசு அதிகமும் அங்கதான், ஆனா மைக் ஆட்டோ எங்க தெருவோட திரும்பிடுச்சு. ராத்திரி 7 மணிக்கு ஒரு ரவுண்டு அங்க வச்சா மிச்ச ரெண்டு ஸ்டாரையும் குடுத்துடுறேன்.