ஃபைபர் படகுக்குப் புதுத் தளம்: 710 பிளைவுட்டா, பி.வி.சி. போர்டா, அலுமினியத் தகடா?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஓடும் பழைய ஃபைபர் படகுகளில் கூடு (படகின் வெளி உடல்) உறுதியாக இருக்கும், கால் வைக்கும் தளம் மட்டும் அமுங்கும். பெயர்த்துப் பார்த்தால் மேலே இருக்கும் ஃபைபர் முழுசாக இருக்கும். உள்ளே பிளைவுட் கறுத்துக் கூழாகியிருக்கும். நீர் புகுந்தது ஓரத்தின் வழியாகவும் ஸ்க்ரூ ஓட்டையின் வழியாகவும்தான். எந்தப் பொருளை வாங்கினாலும் இந்த இரண்டு இடங்களை வைத்தே அதை எடை போட வேண்டும்.

முதலில் பிளைவுட். 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லிக் கடையில் காட்டுவது பெரும்பாலும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர எண் கொண்ட பலகை. அது வீட்டு அலமாரிக்குப் போதும். படகுக்கு ஐ.எஸ். 710தான். பீனால் பசையில் ஒட்டியது, 72 மணி நேரம் கொதிக்கவைத்தும் அடுக்கு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் பலகையிலேயே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி நாலைந்து மணி நேரம் வேகவையுங்கள். யூரியா பசை போட்டதாக இருந்தால் அடுக்கடுக்காக வாய் பிளந்துவிடும். அறுத்த ஓரத்தில் பொந்து தெரியும் பலகையை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மூலையில் புகுந்த நீர் அந்தப் பொந்து வழியே தளம் முழுக்கப் போய்விடும்.

8க்கு 4 அடி, 12 மி.மீ. பலகை சுமார் 25 கிலோ. குறுக்குச் சட்டங்கள் ஓரடி இடைவெளியில் இருந்தால் 12 போதும். ஒன்றரை அடி என்றால், ஐஸ் பெட்டியும் ஈர வலையும் ஏறும் படகுக்கு 18 வேண்டும்.

பி.வி.சி. போர்டு அழுகாது. அதன் ஒரே பெரிய பலம் அதுதான், அதைச் சொல்லியே விற்கிறார்கள். 18 மி.மீ. பலகை ஏறக்குறைய 30 கிலோ, அதாவது 12 மி.மீ. பிளைவுட்டைவிடக் கனம், ஆனால் விறைப்பு குறைவு. சித்திரை வெயிலில் இளகித் தொய்யும். இரவுக்கும் நண்பகலுக்கும் இடையில் எட்டடி நீளத்தில் 3 மி.மீ. வரை நீண்டு சுருங்கும். அந்த அசைவில் ஸ்க்ரூ தளரும். ஃபைபரை ஊறவைத்து ஒட்டும் பாலியஸ்டர் ரெசினும் (பிசின்) அதில் சரியாகப் பிடிக்காது, மேலே போட்ட ஃபைபர் பாய்போல உரிந்து வரும். மூடி, தடுப்புப் பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நின்று வலை இழுக்கும் தளத்துக்கு வேண்டாம்.

அலுமினியப் புள்ளித் தகடு 3 மி.மீ. கனத்தில் பிளைவுட் அளவுக்குத்தான் எடை. கழற்றி மாட்டலாம், அழுகாது. ஆனால் படகுக்கு 5052 அல்லது 5083 ரகம் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் தகடு உப்பில் பொடிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கும். நைலான் வாஷரும் சீலண்ட்டும் கட்டாயம். வெறுங்காலில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சூடும் ஒரு தொந்தரவு.

தேக்குப் பலகை அருமையானது. விலையும் எடையும் கட்டுப்படியானால் போடலாம்.

எங்கள் தேர்வு 710 பிளைவுட், அதுவும் எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசினோடு. கிலோ விலையில் பாலியஸ்டர் மலிவுதான். ஆனால் 450 கிராம் மேட் (நெய்யாமல் பசையால் ஒட்டிய கண்ணாடி இழைப் பாய்) இரண்டு அடுக்கு போட்டால் ஒரு பலகையின் மேற்புறத்துக்கு மட்டும் ஏழு கிலோ ரெசின் குடிக்கும். எபாக்சியில் 400 கிராம் நெய்த துணி ஓரடுக்கு, கீழ்ப்புறமும் ஓரமும் இரண்டு பூச்சு, எல்லாம் சேர்த்து மூன்று கிலோ சொச்சம்தான். எபாக்சிக்கு மேட் வாங்காதீர்கள். மேட்டின் பசை பாலியஸ்டரில்தான் கரையும். பாலியஸ்டர்தான் என்றால் வெயில் காலத்தில் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஒரு சதவீதம் போதும். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்ட்னர்.

எண்ணூர் முகத்துவாரத்துப் படகுகளுக்கு ஒரு வேலை கூடுதல். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எண்ணெய் படர்ந்தது. கறை ஏறிய கூட்டைத் தேய்க்கும் முன் அசிட்டோனால் துடைத்துத் துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் கிரைண்டர் வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கி எந்த ரெசினும் பிடிக்காது.

ஸ்க்ரூ ஓட்டையை இரண்டு மடங்கு பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் மறுபடி துளையுங்கள். அப்போது நீர் மரத்தைத் தொடாது. ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ். பலகையைப் பதிக்கும் முன் அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். பின்பக்கம்வரை தங்காமல் ஓடி வரவில்லை என்றால் சட்டங்களில் வடிதுளை அடைந்திருக்கிறது. அதைத் திறந்து, துளையின் உள்வாயிலும் எபாக்சி பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு தளத்தை மூடுங்கள்.