கில் பில்லா, லேடி வெஞ்சன்ஸா?

பழிவாங்கும் பெண்ணின் கதை ஒன்று பார்க்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்காக:

நேரம்: கில் பில் (2003, 2004) இரண்டு பாகம், சேர்த்தால் 4 மணி நேரம். லேடி வெஞ்சன்ஸ் (2005) 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ரத்தம்: முன்னதில் பீய்ச்சி அடிக்கும். பின்னதில் குறைவு, ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், கொலைகாரனைப் பழிதீர்க்க மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையாகக் காத்திருக்கும் காட்சி நாள்கணக்கில் மனதை விட்டுப் போகாது.

அந்தப் பெண்: எனக்கு முக்கியம் இதுதான். கில் பில்லை இயக்கிய டாரன்டினோ தன் நாயகிக்கு வைத்த பெயர் 'மணப்பெண்'. அவள் அணியும் மஞ்சள் உடை புரூஸ் லீயிடமிருந்து வந்தது. அவளாக உமா தர்மன் அபாரமாக நடித்திருக்கிறார். இருந்தாலும், ஆண் நாயகனுக்குத் தைத்த சட்டையைப் பெண்ணுக்குப் போட்டுவிட்ட உணர்வு எனக்குப் போகவில்லை. லேடி வெஞ்சன்ஸை இயக்கிய கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் நாயகி கும்ஜா வேறு மாதிரி. 13 வருடச் சிறைவாசத்தில் 'தேவதை' என்று பெயர் எடுத்தவள். அந்த இனிமையே அவள் ஆயுதம். வெளியே வந்ததும் கண்ணிமையில் சிவப்புச் சாயம் பூசிக்கொள்கிறாள். சாந்தமானவளாகத் தெரியக் கூடாதாம்! பெண் சாந்தமாக இருந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அந்தச் சிவப்பு நேருக்கு நேர் பார்க்கிறது.

தாய்மை: முன்னதில் மகள் கடைசியில் கிடைக்கும் பரிசு. பின்னதில் மகள், என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேள்வி கேட்கிறாள்.

சண்டைக்காட்சியின் வேகமும் வெற்றிக் களிப்பும் வேண்டுமென்றால் கில் பில். பழி தீர்த்த பிறகு அவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க நினைத்தால் லேடி வெஞ்சன்ஸ். அதைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.