6 கிலோ டிஸ்க், 11 கேசட்: டொராண்டோவில் எட்டு வருட அனுபவம்

2016-இல் மாம்பலம் வீட்டைக் காலி செய்துவிட்டு டொராண்டோவுக்கு வந்தோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. என் அலமாரியிலோ 380 டிவிடி, 60 சொச்சம் விசிடி. அப்பா ஹேண்டிகேமில் எடுத்த வீடியோ8 கேசட்டுகள் 11, அக்கா கல்யாண விஎச்எஸ் கேசட் இரண்டு, இவை தனி. டப்பாவோடு ஒரு டிவிடி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். 380-க்கும் 38 கிலோ. குக்கர், பருப்புப் பொடி, குழந்தையின் துணிமணி எல்லாம் போக அதற்கு இடம் ஏது? "படமெல்லாம் அங்கேயும் நெட்ல வருமே" என்றாள் மனைவி. வரத்தான் வருகிறது. ஆனாலும் எடுத்து வந்தேன். இதே யோசனையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

டப்பாக்களை விட்டுவிட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. டிஸ்க் மட்டும் என்றால் 16 கிராம்தான். மொத்தத்தையும் ஜிப் வைத்த டிஸ்க் பைகளில் போட்டால் டிவிடிகள் 6 கிலோவில் அடங்கிவிட்டன. அட்டைப்படத் தாள்களை உருவி ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டேன். மோசர் பேர் நிறுவனம் 2007-இல் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று இறக்கியபோது வாங்கிக் குவித்தவைதான் பாதிக்கு மேல். அந்தத் தாள்களைப் புரட்டினால் எந்தப் படத்தை எந்தக் கடையில் வாங்கினேன் என்பதுகூட நினைவுக்கு வருகிறது.

அடுத்தது மண்டலப் பூட்டு, அதாவது ஒரு பகுதி நாடுகளுக்கான டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி வைக்கும் தடை. டிவிடிக்கு இந்தியா 5-ஆம் மண்டலம், கனடா 1. என்னிடமிருந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை எல்லா மண்டலத்துக்கும் பொதுவானவை என்பதால் பிழைத்தேன். 40 டிஸ்க் மட்டும் 5 என்று பூட்டப்பட்டிருந்தன. கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். அதனால் யூஎஸ்பி டிரைவ் ஒன்றைச் சென்னையிலேயே வாங்கி 5-இல் வைத்தேன். இன்றுவரை மாற்றவில்லை. வீட்டு பிளேயரையும் கொண்டுவந்தேன். பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்ததால் இங்குள்ள 120 வோல்ட்டில் பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது. இங்கே வாங்கிய பிளேயர் பால் (PAL) எனப்படும் நம் ஊர் வீடியோ முறை டிஸ்க்குகளை எடுக்கவே மாட்டேன் என்றது.

பால் என்றதும் இன்னொன்று. சினிமா நொடிக்கு 24 பிரேம், பால் வீடியோ 25. நம் ஊர் விசிடிகள் பலவற்றில் படத்தை அப்படியே 25-க்கு ஓட்டியிருப்பார்கள். 160 நிமிடப் படம் 154-க்குள் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு பழைய பாட்டைக் கேட்டுவிட்டு, "ரேடியோவில கேட்ட மாதிரி இல்லையே, தூக்கலா இருக்கே" என்றார். அவர் காது சரி. பிடித்த சில படங்களை மட்டும் கணினியில் வேகத்தை 24-க்குக் குறைத்து வைத்திருக்கிறேன்.

என் பெரிய தவறு, இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தது. கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து, பாதி டிஸ்க்குகளை 700 எம்பிக்குச் சுருக்கி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். லேப்டாப்பில் நன்றாகத்தான் இருந்தது. 2018-இல் 55 அங்குல டிவி வாங்கிப் போட்டால் மழைக்காட்சி எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சப்டைட்டிலையும் சேர்த்து எடுக்காமல் விட்டிருந்தேன். மகளுக்கு அது இல்லாமல் பாதி வசனம் புரியாது. டிஸ்க்குகள் கையில் இருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொன்றாக மறுபடி போட்டு, இந்த முறை சுருக்காமல் அப்படியே எடுத்தேன். 380-ஐயும் எடுத்தால்கூட ஏறக்குறைய 2.3 டிபிதான் ஆகும். ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கனடாவில் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சொந்த டிஸ்க்காகவே இருந்தாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்து நகலெடுக்கக் கூடாது. என் தமிழ் டிஸ்க்குகளில் பெரும்பாலும் பூட்டே இல்லை. இருப்பவற்றைப் பழைய பிளேயரில் போட்டுத்தான் பார்க்கிறோம்.

பார்ப்பதற்கு ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது, டிவியிலும் போனிலும் வருகிறது. தமிழ்ப் படங்களுக்கு ஃபோல்டர் பெயரில் வருடத்தைப் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் 1980 பில்லாவுக்கு 2007 பில்லாவின் போஸ்டர் வந்து உட்காரும். 2021-இல் ஒரு ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு ஒரே நாளில் நின்றுபோனது. இன்னொரு பிரதி இருந்ததால் இரண்டு நாளில் மீண்டது. மூன்றாவது பிரதி மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறது.

சரி, கேசட்டுகளுக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்பட்டதும் அதிகம் கோட்டைவிட்டதும் அதில்தான். கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றச் சொன்னேன். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிவிடியில் அடைத்திருந்தார்கள், முகங்கள் மாவு பூசியதுபோல இருந்தன. அப்பா எடுத்த கேசட்டுகளில் அங்கங்கே அசல் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். கல்யாண வீடியோ என்று நினைத்து நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். இங்கே வந்து போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அசல் கேசட்டுகளை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். 2019-இல் ஊருக்குப் போனபோது நண்பரின் டிஜிட்டல்8 கேமரா கிடைத்தது. அந்த வகைக் கேமராக்களில் சில, பழைய வீடியோ8 கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாக அப்படியே கணினிக்குக் கொடுக்கும். மணிக்கு 13 ஜிபி. 11 கேசட்டும், ஒன்று 90 நிமிடம், 215 ஜிபிக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் முதலில் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினேன். வருடக்கணக்காக இறுகிக் கிடந்த டேப் அப்போதுதான் சீராக ஓடும். 1995 தீபாவளிக் கேசட்டில், பாட்டுப் போட்டு மூடியிருந்த இடத்தில் பாட்டியின் குரல் இருந்தது. "அந்தப் பெட்டிய வச்சுட்டு வந்து எண்ணெய் தேய்ச்சுக்கோடா" என்று அப்பாவைக் கூப்பிடுகிறார். படத்தில் பாட்டி இல்லை, குரல் மட்டும்தான்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்தவர். அந்தத் தீபாவளிக் கேசட்டை எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். 1995-இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியே காலியான இடப்பெயர்வில் அவர்கள் ஒரு பையோடு கிளம்பியவர்கள். "எங்கட கலியாணக் கசெட்டையும் அங்கதான் விட்டிட்டு வந்தனாங்கள்" என்றார். அப்புறம், பாட்டி பேசும் இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

டிஸ்க்குகளின் நிலை இதுதான்: கடையில் வாங்கியவை ஏறக்குறைய எல்லாமே இன்னும் ஓடுகின்றன. வீட்டில் எழுதிய டிவிடிகளில் பாதி படிக்கவில்லை. அவற்றில் தகவல் சாயத்தில் எழுதப்படுகிறது, சென்னை வெக்கையில் அது நிற்கவில்லை. உங்களிடம் அப்படி இருந்தால் இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள்.

அக்கா கல்யாணக் கேசட் இரண்டில் ஒன்றை மட்டும் இன்னும் தொடவில்லை. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடியாகப் பூஞ்சை தெரிகிறது. அதை அப்படியே விசிஆரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் போய், டேப்பைக் கையால் சுத்தம் செய்து தரும் ஆள் ஒருவரைப் பார்க்க வேண்டும். தாலி கட்டும் பகுதி அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது.