கோகோபீட் கட்டிக்கு எவ்வளவு கார்பன்? வழிகள் நான்கு, விடைகளும் நான்கு

குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிப் பக்கம் கோகோபீட் (செடி வளர்க்க, தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்யும் கட்டி) யார்டு நடத்துபவர்களிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்பெல்லாம் முக்கியமாகக் கேட்பது இரண்டுதான்: ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு? இப்போது மூன்றாவதும் வருகிறது. ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ கார்பன், அதாவது கார்பன் டை ஆக்சைடு கணக்கில் உமிழ்வு? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர் வாங்கும் சரக்கின் உமிழ்வு அவருடைய ஆண்டு உமிழ்வுக் கணக்கில் 'ஸ்கோப் 3' (வாங்கும் பொருள் போன்றவை வழியாக, அவருக்கு வெளியே நடக்கும் உமிழ்வு) என்ற தலைப்பில் ஏறுகிறது. நாம் எண் தராவிட்டால் அவராகவே ஒன்றைப் போட்டுக்கொள்வார்.

அப்படி அவர் போடுவது பெரும்பாலும் தொகைக் கணக்காக இருக்கும். இத்தனை டாலருக்கு வாங்கினோம், அந்தத் துறையில் ஒரு டாலருக்கு இவ்வளவு உமிழ்வு, பெருக்கு. ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் சரக்குக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. குமரியில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும். மழையில் களம் காயாது, வரத்து குறையும், விலை ஏறும். உடனே இந்தக் கணக்கில் கார்பனும் ஏறிவிடும்! அதே கட்டி, அதே பிரஸ், விலை மட்டும்தான் வேறு. மொத்தக் கொள்முதலில் எந்தப் பொருள் பெரிது என்று மேலோட்டமாகப் பார்க்க இது உதவும். இரண்டு சப்ளையர்களை ஒப்பிட உதவாது.

அடுத்தது சராசரிக் கணக்கு. ஈக்கோஇன்வென்ட் மாதிரியான தரவுத்தளங்களில், பொருள்வாரியாக ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும். கணக்குப் போட உதவும் ஓப்பன்எல்சிஏ என்ற மென்பொருள் இலவசம். தரவுக்குத்தான் பெரும்பாலும் காசு. டீசல், பாலித்தீன் ஷீட், கப்பல் போகும் தூரம் போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் நாம் நன்றாக நடத்தினாலும் மோசமாக நடத்தினாலும் சராசரி ஒன்றுதான். லோடர் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தவருக்கும் அதே எண் என்றால் அவர் எதற்காகக் குறைக்க வேண்டும்?

மூன்றாவது, சொந்தக் கணக்கு. என் ஓட்டு இதற்குத்தான். கரண்ட் பில், டீசல் பில், உர பில், மாத உற்பத்தி டன். இந்த நான்கும் கணக்கர் மேஜையில் ஏற்கெனவே இருக்கின்றன. பேச்சுக்கு, மாதம் 10,000 யூனிட் ஓடி 100 டன் கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆக 7 டன். ஒரு கிலோ கட்டிக்கு 70 கிராம். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் லாரி 24 டன் ஏற்றினால் கிலோவுக்கு 5 கிராம்தான், காலியாகத் திரும்பினாலும் 10. எல்லோரும் லாரியைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள், பாவம். கப்பல் அப்படியில்லை. ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாகச் சுமார் 12,000 கிலோமீட்டர். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 கிராம் என்று வைத்தாலே ஒரு கிலோ கட்டிக்கு 120 கிராம். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் இன்னும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் கூடும்.

ஆரல்வாய்மொழியில் இத்தனை காற்றாலை சுற்றுகிறதே, நம் கரண்டுக்குக் கார்பன் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மின்சாரம் பொதுத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. சொந்தக் காற்றாலையோ முறையான ஒப்பந்தமோ காட்ட முடிந்தால்தான் அதை நம் கணக்கில் எழுதலாம்.

சொந்தக் கணக்கில் தகராறு வருவது பங்கு பிரிப்பதில். தேங்காய்க் கதம்பலை (மட்டையை) அடித்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தும்பு (நார்), மிச்சம் பித், அதாவது நாம் கட்டியாக்கும் தூள். ஆலை மின்சாரத்தை எடைப்படி பிரித்தால் பெரும்பாரம் பித் தலையில் விழும். விலைப்படி பிரித்தால் பாரம் தும்புப் பக்கம் சாயும். ஒரு காலத்தில் பித் ஆலை முற்றத்தில் மலையாகக் கிடந்த கழிவு; அன்றைய கணக்குப்படி அதற்குப் பூஜ்ஜியம். இன்று அதற்கு விலை உண்டு, கூடவே பங்கும் உண்டு. ஆயுள் கணக்குக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14044 சொல்வது: பிரிக்காமல் முடிக்க முடிந்தால் முடி, இல்லாவிட்டால் எடை போன்ற இயற்பியல் உறவைப் பார், அதுவும் ஆகாவிட்டால் விலைக்குப் போ. எந்த முறை என்று எழுதாத எண்ணை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு இடம் உரம். ஈசி குறைத்து பஃபர் செய்ய (பித்தில் ஒட்டியிருக்கும் சோடியம், பொட்டாசியத்தை விரட்டிக் கால்சியத்தை ஏற்ற) கால்சியம் நைட்ரேட் போடுகிறோம். அது நைட்ரிக் அமிலத்திலிருந்து வருவது. அமில ஆலையில் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடு அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும். அதை அடக்கும் கருவி உள்ள ஆலையின் உரமும் இல்லாத ஆலையின் உரமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கார்பன் வேறு. இங்கே சராசரி நம்மை நன்றாகவே ஏமாற்றும். உரம் விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நான்காவது வழி, பொருள்களின் கார்பன் கணக்குக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14067-படி முழு ஆய்வு, வெளி ஆள் சரிபார்ப்பு, அல்லது ஈபிடி எனப்படும் சுற்றுச்சூழல் அறிவிப்பு. செலவு பெரிது, நம்பகம் அதிகம். பெரிய டெண்டர் இருந்தால் போகலாம். ஒன்றிரண்டு கன்டெய்னர் அனுப்புகிறவர் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எந்த வழியில் போனாலும் எல்லைக்கோட்டைப் பாருங்கள். 'ஆலை வாசல் வரை' என்று கணக்கை நிறுத்தினால் செடி வளர்ப்பில் நமக்குப் போட்டியான ஐரோப்பியச் சதுப்புநிலப் பீட் நம்மைவிட நல்லதாகத் தெரியக்கூடும். பயன்படுத்தி மட்கும்வரை எடுத்தால் கதை மாறும். பல்லாயிரம் ஆண்டு புதைந்து கிடந்த கார்பன் பீட்டிலிருந்து காற்றுக்குப் போகிறது. நம் பித்தில் இருப்பது தென்னை அண்மையில் காற்றிலிருந்து எடுத்தது. நாங்கள் முதலில் அனுப்பிய தாளில் எல்லையே எழுதவில்லை. வாடிக்கையாளர் எங்கள் வாசல் எண்ணைப் போட்டியாளரின் முழு ஆயுள் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், எங்களுக்கு அது சாதகமாகத்தான் போயிற்று. திருத்தி அனுப்பினோம். இப்போது தாளில் முதல் வரி எல்லை, இரண்டாவது வரி பங்கு பிரித்த முறை, எண் மூன்றாவது வரியில்தான்.