தங்கச்சிமடத்து வீடு: உப்புக்காற்றில் நாலு வருஷம்

அம்மாவுக்கு 76 வயது. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிறார், நான் கோயம்புத்தூரில். "இங்கே வந்துடும்மா" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, 2021 கடைசியில் அந்த வீட்டையே அவருக்குத் தக்கபடி மாற்ற ஆரம்பித்தேன். வாங்கிய புதிதில் எல்லாப் பொருளும் நன்றாகத்தான் வேலை செய்தது. நாலு வருஷம் கடந்தபின் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று சொல்கிறேன்.

அதிகம் உதவியது கழிப்பறையில் பதித்த பிடிகம்பி. அதில்தான் பெரிய தப்பும் செய்தேன். கடையில் "எஸ்.எஸ். துருவே பிடிக்காது" என்று கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி 304 ரகம். எட்டு மாதத்தில் டீ சிந்தியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் போனது, மறுபடி வந்தது. அது வெறும் கறைதான். ஒருநாள் கம்பியைப் பிடித்து எழுந்தேன், லேசாக ஆடியது. சுவரை மூடியிருந்த வட்டத் தகட்டைத் திருகிப் பார்த்தால், உள்ளே திருகாணிகள் பாதி கரைந்து, சுவரில் செம்பழுப்பு நீர் வடிந்த கோடு. கம்பி எஸ்.எஸ்., திருகாணி சாதா இரும்பு! அம்மா தினமும் தன் முழு எடையையும் போட்டு எழுவது அதைப் பிடித்துத்தான். அன்று எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிறகு 316 ரகக் கம்பி, திருகாணியும் அதே ரகம். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கும். உப்பு அரிப்பதைத் தாங்குவது அதனால்தான். விலை கூடுதல், ராமநாதபுரம் கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்கினேன். மூணு வருஷமாக அசையவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் கம்பியைப் பற்றிக் கேட்குமுன் திருகாணியைப் பற்றிக் கேளுங்கள்.

ராத்திரி எழுந்தால் தானே எரியும் சென்சார் லைட், கார்த்திகை மார்கழியில் அருமை. சித்திரை வெயிலில் ஏமாற்றியது. உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளை உணர்கிறது. ராத்திரியும் அறை கொதிக்கும்போது பக்கத்தில் போய் நின்றால்தான் எரிகிறது. இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரண்டு சின்ன எல்.இ.டி. விளக்குகள் விடிய விடிய எரிகின்றன, இன்வர்ட்டர் லைனில். சென்சாரைக் கழற்றிவிட்டேன்.

வாசலில் ஓரடி உயரத்துக்கு இரண்டு படி. கொத்தனார் நாலடியில் சரிவு போதும் என்றார். ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம் என்பதுதான் கணக்கு, ஆகவே பன்னிரண்டடி போட வைத்தேன். முற்றம் குறைந்தது என்று அம்மாவுக்கு இன்றும் வருத்தம்.

கழுத்தில் மாட்டும் அவசர பட்டனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். பெரும்பாலும் மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அதைவிடப் பயன்பட்டது பழைய பட்டன் போன். 2-ஐ அழுத்திப் பிடித்தால் எதிர்வீட்டு மதினிக்கு, 3-ஐ அழுத்தினால் எனக்கு. 108-ஐயும் முதியோர் உதவி எண் 14567-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கேமரா விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஹாலில் ஒன்று வைத்தேன். ஒரு வாரத்தில் அதன்மேல் ஈரிழைத் துண்டு தொங்கியது. கேட்டதற்கு, "ஏய்யா, நான் சேலை மாத்துறதும் உனக்குத் தெரியுமா?" என்றார். அடுத்த பயணத்திலேயே கழற்றினேன். கேட்காமல் வைத்தது என் பிழை. பதிலுக்கு முன்கதவில் ஒரு சின்ன சென்சார். கதவு திறந்தால் என் போனுக்குச் செய்தி வரும், வேறு எதையும் அது பார்க்காது. காலைப் பூசைக்குக் கிளம்ப ஐந்தரைக்கே அம்மா கதவைத் திறந்துவிடுவார். ஏழு மணிவரை செய்தி வராவிட்டால் நான் மதினியைக் கூப்பிடுவேன். "அது சொன்னாச் சொல்லட்டும்" என்று அம்மாவே சம்மதித்தார். பேட்டரி தொடும் தகட்டில் வருஷம் ஒருமுறை பச்சை பூக்கிறது. சுரண்டி, கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சரியாகிவிடும்.

2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே இல்லை. வழியில் இறங்கி பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அந்த இரண்டு வருஷம் எனக்குத் தூக்கம் தந்தது அந்தக் கதவுச் செய்திதான்.

குடிதண்ணீர்தான் உண்மையான ஆபத்து என்பது பிந்தித்தான் புரிந்தது. தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவருவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒருமுறை குடத்தோடு சறுக்கி மணிக்கட்டு பிசகியது. வாசலோரம் 500 லிட்டர் தொட்டி வைத்து, சமையல்கட்டுக் குழாய்க்குச் சின்ன மோட்டார் போட்டபின் குடம் தூக்குவதே இல்லை. இதை முதல் வருஷமே செய்திருக்க வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அந்த அலைச்சலும் இல்லை.

போன மாதம் அம்மாவே போன் பண்ணினார். துவைகல் பக்கத்தில் ஒரு கம்பி வேண்டுமாம், இரண்டடி நீளம். "அந்த 316 தானேய்யா? திருகாணியும் அதே நம்பர்ல வாங்கு."