சிறப்புத் திருமணச் சட்டப் பதிவுச் சேவை: ஒரு சாட்சியின் மதிப்பீடு

வெவ்வேறு மதத்தவரான நண்பர்கள் இருவரின் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திடச் சென்றபோது, சார்பதிவாளர் அலுவலகத்தின் இந்தச் சேவையை அருகிலிருந்து பார்த்தேன். அரசமைப்பு சொல்லும் மதச்சார்பின்மை சாதாரணக் குடிமக்களின் கைக்கு எட்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

சேவையின் அடிப்படையில் குறை சொல்ல எதுவுமில்லை. இதற்கு முன்பிருந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணந்துகொள்ள, இந்து, இஸ்லாம், கிறித்தவம் போன்ற மதங்களைப் பின்பற்றவில்லை என்று இருவரும் அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போதுள்ள 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. அவரவர் மதத்தில் இருந்தபடியே மணந்துகொள்ளலாம். (நம் மாநிலத்தின் சுயமரியாதைத் திருமணப் பிரிவு இந்து திருமணச் சட்டத்துக்குள் இருப்பதால், இவர்களுக்கு அது உதவாது.) திருமண அலுவலரின் முன்னிலையில், மூன்று சாட்சிகள் கேட்க, ஒருவரையொருவர் வாழ்க்கைத்துணையாக ஏற்பதாகத் தமிழிலேயே சொன்னார்கள், கையெழுத்திட்டோம், முடிந்தது.

சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய 30 நாட்களில்தான். மணமக்களின் பெயர், வயது, தொழில், முகவரி ஆகியவை அடங்கிய நோட்டீஸ், யாரும் பார்க்கும்படி அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது. வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, மனநலம், விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவை குறித்து மட்டுமே ஆட்சேபிக்க முடியும். மதம் வேறு என்பது சட்டப்படி காரணமே அன்று. ஆனால் அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்துச் செல்பவருக்கு ஆட்சேபணை மனு எதற்கு? முகவரி கிடைத்தால் போதும், வீட்டு வாசலிலேயே கூட்டம் சேர்த்துவிடலாம். மதவாதக் குழுக்கள் இப்படிப் பயன்படுத்தியதால்தான் கேரளம் 2020-இல் இந்த நோட்டீஸ்களை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. வெளியிடுவதும் விடுவதும் மணமக்களின் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. நாங்கள் சென்ற அலுவலகத்தில் அப்படியொரு விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. "வீட்டுக்குத் தெரியுமா?" என்பதை மட்டும் எழுத்தர் மறக்காமல் கேட்டார். 21 வயது நிறைந்த ஆணிடமும் 18 நிறைந்த பெண்ணிடமும் அதைக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை.

மற்றபடி கட்டணம் குறைவு, கோப்பு ஒழுங்காக நகர்கிறது. விண்ணப்பிப்போரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்பதால் முகவரிச் சான்றை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும். ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். அவர் மறுத்தால், அடுத்த 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.