காரைக்குடியிலிருந்து கொடைக்கானலும் சென்னையும்: மின்சாரக் காரா, பெட்ரோல் காரா?

மின்சாரக் காரின் திரையில் “மீதி இத்தனை கிலோமீட்டர்” என்று வரும் எண்ணை நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் வழியில் திண்டாடுகிறார்கள். அந்த எண், கடைசியாக ஓடிய தூரத்தில் ஆன மின்செலவை வைத்துப் போட்ட ஊகம். முன்னால் மலை இருப்பது பல வண்டிகளில் அதற்குத் தெரியாது. பெட்ரோலை லிட்டரில் கணக்கிடுவது போல் இதை யூனிட்டில் கணக்கிடுங்கள். வண்டி, நான்கு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,800 கிலோ எடை, கைக்கு வரும் பேட்டரி அளவு 40 யூனிட் என்று வைத்துக்கொண்டால், சமவெளியில் 80 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு 13, 14 யூனிட் செலவாகும். 90-இல் 15, 100-இல் 17. கீழே வருவதெல்லாம் இந்த அளவு வண்டிக்கான கணக்கு.

குளிரில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகிவிடும் என்ற பேச்சு பனி கொட்டும் நாடுகளிலிருந்து வந்தது. அங்கே அது ஏறக்குறைய உண்மை. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போடாதபோது 12 சதவீதம்தான் குறைந்தது. பேட்டரி குளிர்வதைவிட, ஆட்களுக்குச் சூடு கொடுப்பதுதான் அதிகம் தின்கிறது. பெட்ரோல் எஞ்சினோ எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கை எப்படியும் வெப்பமாக வீணாக்குகிறது. அதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் ஹீட்டர் இலவசம். இருந்தும் நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது பங்கு மின்சாரக் கார்கள்தான்.

அதே சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டியபோது 17 சதவீதம் குறைந்தது. மார்கழியிலும் ஸ்வெட்டர் பெட்டியைவிட்டு வராத நம் பக்கத்துக்கு இந்த 17-தான் முக்கியம். சித்திரை வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்விக்கவே முதல் கால் மணி நேரம் ஏ.சி. நிறைய இழுக்கும். ஆகவே பிளக்கில் இருக்கும்போதே, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு செயலி வழியாக ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள். அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போகும், பேட்டரியில் அல்ல.

நமக்குக் குளிர் என்றால் கொடைக்கானல். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 200 கி.மீ. இங்கே ரேஞ்சைத் தின்பது குளிர் அல்ல, ஏற்றம். வத்தலக்குண்டு வரை 140 கி.மீ.க்கு 20 யூனிட். அங்கிருந்து கொடைக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். 1,800 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 9 யூனிட். மோட்டார் இழப்பும் டயர் உராய்வும் சேர்த்தால் 14. ஏ.சி.க்கு 3. ஆக 40-இல் 37 தீர்ந்துவிடும். இந்தக் கணக்கோடு மலையேறக் கூடாது. திண்டுக்கல்லில் கால் மணி, இருபது நிமிடம் டி.சி. சார்ஜரில் (வேகமாக ஏற்றும் பொது சார்ஜர்) போட்டு 10 யூனிட் ஏற்றிக்கொண்டால் மேலே போய்ச் சேரும்போது 13 யூனிட் கையில் இருக்கும். அந்த சார்ஜர் வேலை செய்கிறதா என்பதைக் காரைக்குடியிலேயே செயலியில் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மேலே விடுதியில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று அறை பதியும்போதே கேளுங்கள். ராத்திரி எட்டு மணி நேரத்தில் சுமார் 20 யூனிட் ஏறும். ஆனால் முழுதாக நிரப்பாதீர்கள், 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் ரீஜென் பிரேக் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) வேலை செய்யாது. முழுச் சுமையும் டிஸ்க் பிரேக் மேல் விழும். இடம் இருந்தால் கீழே வருவதற்குள் 3, 4 யூனிட் திரும்பக் கிடைக்கும். பெட்ரோல் வண்டியில் இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர்தான் காப்பாற்றும். ஏற்றத்திலோ டர்போ இல்லாத எஞ்சின் மெல்லிய காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மின்மோட்டாருக்கு அந்தக் குறை கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் அதன் இழுவை தனி சுகம்.

டயர் காற்றைப் பற்றி ஒன்று. நம் ஊர் வெயிலில் 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர், கொடை ராத்திரியில் 30 டிகிரி குளிர்ந்தால் நாலரை குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மூன்று கூடும். மொத்தத்தில் ஒன்றரைதான் குறைந்திருக்கும். அதற்காக அங்கே காற்றடிக்க வேண்டாம்.

சென்னை வேறு கதை. திருச்சி வழியாக 410 கி.மீ., 90 கி.மீ. வேகத்தில் சுமார் 61 யூனிட். பெரம்பலூரில் ஒருமுறை, திண்டிவனத்தில் ஒருமுறை, அரை அரை மணி நேரம் போட்டால் போதும். ஒரே இடத்தில் முழுதாக ஏற்ற நினைக்காதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜிங் நன்றாக மந்தமாகிவிடும். திருச்சிக்கு அப்பால் 90-க்குப் பதில் 100-இல் போனால் இருபது நிமிடம் மிச்சமாகும், ஆனால் கூடுதலாக எரிந்த 6 யூனிட்டை ஏற்றப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் போய்விடும். பெட்ரோல் வண்டி 24, 25 லிட்டரில் நிற்காமல் போகும். பொங்கல், தீபாவளி நாட்களில் சார்ஜர் முன்னால் வரிசை நிற்கும்போது பெட்ரோல்தான் நல்லது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பிள்ளையார்பட்டி என்று தினமும் சுற்றுகிறவர்களுக்கு மின்சாரம்தான். எஞ்சின் சூடாவதற்குள் அணைக்கும் குட்டிப் பயணங்கள் பெட்ரோல் வண்டிக்கு ஆகாது.

வீட்டு வயரிங்கில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல். முகப்பில் மீட்டர், அடுத்த தெருவைத் தொடும் பின்கட்டில் வண்டி. நடுவில் 60 மீட்டர் வயர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 15 ஆம்பியர் ஓடினால் 13 வோல்ட் வழியிலேயே போகும். சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்திருந்தால் சார்ஜர் நின்றுவிடும், பிளக் உருகவும் செய்யும். 6 சதுர மி.மீ. தனி வயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிப்பது), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது) போடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 10 சதுர மி.மீ.; மின்வாரியத்தில் வீட்டுக்கு அனுமதித்த லோடையும் உயர்த்த வேண்டும். எர்த் சரியில்லை என்று சார்ஜர் மறுப்பது கோடையில் அதிகம்: காய்ந்த செம்மண்ணில் எர்த் குழி வேலை செய்யாது, வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். இரு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீட்டில் வண்டியை விட்டுப் போகிறவர்கள், மின்சாரக் காரை 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். நூறு சதவீதத்தில் வெயிலில் மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். இரண்டு வகை வண்டியிலும் முதலில் சாவது 12 வோல்ட் பேட்டரிதான். கையேடு அனுமதித்தால் அதன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவையுங்கள், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவரச் சொல்லுங்கள். அப்போதே பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் அவர் பார்த்துவிடட்டும்.